மூன்று ஓலைகளும் அயலூர் மாப்பிள்ளையும்

ஞாயிறு திருப்பலி நிறைவுபெறும் வேளையில் பங்குத்தந்தை திருமண ஓலையை எடுத்து வாசிக்கிறார். மணமகனும் மணமகளும் அதே பங்கைச் சேர்ந்தவர்களாயின் கூட்டத்தில் பெரிய சலனம் எழுவதில்லை. இருவரும் சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் அமர்ந்ததையும், பாட்டன் காலத்து வரப்புத் தகராற்றையும்கூட எல்லாரும் அறிவர். மணமகனின் ஊர் எவரும் கேட்டறியாத ஊராக இருக்குமானால் நிலை வேறு. பல தலைகள் நிமிர்கின்றன. 'யார் அந்தப் பையன்? எந்த ஊராம்?' என்று பெண்கள் பக்கத்திலிருந்து மெல்லிய குரல்கள் எழுகின்றன. அவ்வினாவில் ஐயமும் உண்டு, ஆவலும் உண்டு.

'உள்ளூர் மாடு விலைபோகாது' என்பது நம் முன்னோர் வாக்கு. 'இக்கரைக்கு அக்கரை பச்சை' என்பது அதன் மறுபக்கம். சந்தைக்கும் நிலத்துக்கும் சொன்ன இம்மொழிகள் மனித உள்ளத்தின் காதலுக்கும் பொருந்துவது ஏன்? ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே ஆலயத்தில் மண்டியிட்ட நல்ல இளைஞன் கண்ணில் படாமற்போக, நேற்று வந்த ஒருவன் நெஞ்சில் இடம்பிடிப்பது எப்படி? இதை இளமையின் மயக்கம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் வரலாற்றில் ஒருமுறை, ஒரு நாடு முழுவதும் இவ்வினா ஒரே நேரத்தில் எழுந்தது. அந்நிகழ்வைச் சற்று நெருங்கிப் பார்ப்போமானால் நம்மைப் பற்றியும் சில உண்மைகள் புலப்படும்.

கடல் கடந்து வந்தவர்கள்

1942ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள், இரண்டாம் உலகப்போரின் நடுவில், அமெரிக்கப் படைவீரரின் முதல் பிரிவு வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் துறைமுகத்தில் இறங்கியது. அடுத்த இரண்டரை ஆண்டுகளில் பிரித்தானிய மண்ணில் அவர்களது எண்ணிக்கை பெருகிக்கொண்டே போயிற்று. 1944 சூன் மாதம் நார்மண்டிக் கரையில் படையிறங்கும் தறுவாயில் ஏறத்தாழ 15 இலட்சம் அமெரிக்கர் அங்கே தங்கியிருந்தனர். சிற்றூர்களின் பசும்புல் வெளிகளில் கூடாரங்கள் எழுந்தன. சில ஊர்களில் ஊராரைவிட விருந்தாளிகளே மிகுந்திருந்தனர்.

அவர்கள் வந்தபோது அந்நாடு களைத்துப் போயிருந்தது. இரவில் விளக்கேற்றத் தடை. 1941 சூன் முதல் துணிக்குப் பங்கீடு. 1942 சூலை முதல் இனிப்புக்கும் பங்கீடு. உள்ளூர் இளைஞரில் பலர் வட ஆப்பிரிக்காவிலும் பர்மாவிலும் கடலிலும் இருந்தனர். விடுப்பில் வீடு திரும்பியவரோ முரட்டுக் கம்பளிச் சீருடையும் மெலிந்த பணப்பையுமாய் வந்தனர். ஜி.ஐ. என அழைக்கப்பட்ட அமெரிக்கச் சாதாரண வீரனின் ஊதியமோ அவனுக்கு நிகரான பிரித்தானிய வீரனின் ஊதியத்தைப் போல் நான்கைந்து மடங்கு வரை இருந்தது. அவனது சீருடை அதிகாரியின் உடையைப் போல் மெல்லியதாய், உடலுக்கு இசைவாய்த் தைக்கப்பட்டிருந்தது. சட்டைப்பையில் சூயிங்கமும் சாக்லேட்டும் இருந்தன. அவன் அன்பளிப்பாகத் தந்த நைலான் காலுறை, போர்க்கால இங்கிலாந்தில் பட்டுக்கு நிகரான செல்வமாய் மதிக்கப்பட்டது.

உள்ளூர் ஆடவரின் மனக்குமுறல் ஒரு கேலிமொழியாக நாடெங்கும் உலவியது. அமெரிக்கரிடம் நமக்குள்ள குறைகள் மூன்றே. அவர்களுக்குச் சம்பளம் அதிகம், ஆசை அதிகம், எல்லாவற்றுக்கும் மேலாக அவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்பதே அதன் கருத்து.

பணமும் பண்டமும் மட்டுமே காரணம் என்று முடிவு செய்வோமானால் அப்பெண்களுக்கு அநீதி இழைத்தவராவோம். சாக்லேட்டுக்காகக் கடல் கடக்க எவரும் துணிவதில்லை. ஆழமான காரணம் ஒன்று உண்டு. அமெரிக்கன் அவ்வூருக்கு வருமுன்பே அவனது உருவம் அங்கே வந்துவிட்டிருந்தது. அக்காலப் பிரித்தானியர் வாரந்தோறும் திரையரங்கு செல்லும் மக்கள். 1946ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் 160 கோடிக்கும் மேற்பட்ட நுழைவுச்சீட்டுகள் விற்பனையாயின. திரையில் கண்ட படங்களில் பெரும்பகுதி ஆலிவுட்டில் எடுக்கப்பட்டவை. ஆகவே, ரொட்டிக் கடை வரிசையில் நின்ற ஒரு பெண்ணிடம், திரையில் மட்டுமே கேட்ட அந்த உச்சரிப்பில் ஒருவன் வழி கேட்டபோது, அவள் அவனை முதன்முறையாகக் கண்டாள் என்று சொல்ல இயலாது. பல ஆண்டுகளாக இருளில் அமர்ந்து கண்ட ஒரு கனவு, தெருவில் இறங்கி நடந்து வந்தது. அயோவா மாநிலத்தில் அவன் மாட்டுத் தொழுவம் கூட்டியவனாக இருக்கலாம். பென்சில்வேனியாவில் நிலக்கரி அள்ளியவனாக இருக்கலாம். அதை அவளுக்குச் சொல்ல அங்கே எவரும் இல்லை.

உள்ளூர் இளைஞனுக்கு இந்த வசதி கிடையாது. அவனுடைய தந்தையின் குடிப்பழக்கம், பள்ளியில் அவன் வாங்கிய அடி, அக்காளின் முறிந்த நிச்சயதார்த்தம் யாவும் ஊரறிந்த செய்திகள். அயலான் கடந்த காலம் இல்லாதவனாக வருகிறான். வெற்றுப் பலகையில் நாம் விரும்பியதை எழுதலாம். எழுதி நிறைந்த பலகையில் என்ன எழுத முடியும்?

இதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. அதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அவனுக்குக் கடந்த காலம் இல்லாதது போலவே, அவன் கண்ணில் அவளுக்கும் கடந்த காலம் இல்லை. ஊருக்கு அவள் இன்னார் மகள், இன்ன கடையில் வேலை பார்ப்பவள், பேசத் தயங்குபவள். அவனுக்கு அவள் அப்போதுதான் பிறந்தவள். தன்னைப் புதிதாகக் காணும் இரு கண்களுக்கு முன்னால் எவருக்குத்தான் புதிதாகத் தோன்றாது? அயலார்மீது நாம் கொள்ளும் ஆசையில் பாதி, நாம் ஆக விரும்பும் மனிதரின் மீதுள்ள ஆசை என்றே தோன்றுகிறது.

ஒரே சொல், இருவேறு பொருள்

1943ஆம் ஆண்டு இங்கிலாந்துக்கு வந்த அமெரிக்க மானிடவியலாளர் மார்கரெட் மீட் அம்மையார் இப்பழக்கங்களை ஆராய்ந்தார். அமெரிக்கச் சிறுவர் சிறுமியர் ஒரே பள்ளியில் கலந்து வளர்கின்றனர். ஆணும் பெண்ணும் மாலைப்பொழுதில் சேர்ந்து வெளியே செல்வது அங்கே பதின்பருவத்தில் தொடங்கும் ஒரு விளையாட்டு. ஆண் புகழ்ந்து பேசுவான், துணிந்து கேட்பான். பெண் சிரித்துக்கொண்டே மறுப்பாள். அவன் கேட்பது முழுவதையும் தரவேண்டியதில்லை என்பதும், அவன் சொல்வது முழுவதையும் நம்பவேண்டியதில்லை என்பதும் இருவருக்கும் தெரியும். பிரித்தானியப் பிள்ளைகளோ பெரும்பாலும் தனித்தனியே வளர்ந்தவர்கள். இந்த விளையாட்டின் விதிகளை அறியாதவர்கள். எனவே, அவன் வழக்கம்போல் சொன்ன புகழ்மொழியை ஒருத்தி அநாகரிகம் என்று வெறுத்தாள். மற்றொருத்தி அதை உள்ளத்தின் உறுதிமொழி என்று ஏற்றாள்.

மீட் அம்மையாரின் இக்கருத்து நமக்கும் பயன்தரும். அயலாரின் சாதாரணப் பழக்கம் நமக்குச் சிறப்பு அன்பாகத் தோன்றுகிறது. கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பதும், பெயர் சொல்லி நலம் கேட்பதும் அவரது நாட்டு மரியாதையாக இருக்கலாம். நம் நாட்டில் ஒருவர் அவ்வாறு செய்வது அரிது. ஆகவே அதை நமக்கென்றே செய்ததாகக் கொள்கிறோம். அதே வேளையில், காய்ச்சலில் கிடந்தபோது சொல்லாமலே கஞ்சி கொண்டுவந்து வைத்துச் சென்ற உள்ளூர்க்காரனின் அன்பு, நமக்குப் பழகிய மொழியில் சொல்லப்பட்டதால் காதில் விழாமற் போகிறது.

இதற்குச் சான்றும் அதே போரிலேயே கிடைக்கிறது. சொந்த ஊரில் மதிப்பிழந்ததாகப் புலம்பிய பிரித்தானிய வீரர் இத்தாலியிலும் செருமனியிலும் தங்கியபோது அந்நாட்டுப் பெண்களின் அன்பைப் பெற்று, மணந்து, வீடு திரும்பினர். அதே முகம், அதே கம்பளிச் சீருடை. ஊர் மட்டுமே வேறு. அங்கே அவர்கள் அயலார்.

கப்பல் கரையேறிய பின்

அமெரிக்க வீரரை மணந்த பிரித்தானியப் பெண்கள் ஏறத்தாழ 70,000 பேர். கணவர் போர் முடிந்து ஊர் திரும்பியபின்பும் அவர்கள் இங்கிலாந்திலேயே காத்திருக்க நேர்ந்தது. 1945 திசம்பர் 28ஆம் நாள் அமெரிக்காவில் நிறைவேறிய சட்டம் அவர்களுக்கு வழி திறந்தது. 1946 சனவரி 26ஆம் நாள், அதாவது முதல் வீரர் பெல்பாஸ்டில் இறங்கிச் சரியாக நான்கு ஆண்டுகள் நிறைவுற்ற அன்று, 'அர்ஜென்டினா' என்னும் கப்பல் 452 மணப்பெண்களையும் 173 குழந்தைகளையும் ஒரு மணமகனையும் ஏற்றிக்கொண்டு சவுதாம்ப்டனிலிருந்து புறப்பட்டது. பிப்ரவரி 4ஆம் நாள் அவர்கள் நியூயார்க் சேர்ந்தனர்.

துறைமுகத்தில் சீருடை இல்லாமல் நின்ற கணவனை அடையாளம் காணவே சிலர் தடுமாறினர். பண்ணை என்று கேட்டிருந்தது தண்ணீர்க் குழாய்கூட இல்லாத குடிசையாக இருந்தது சிலருக்கு. மொழி புரியாத மாமியாரின் சமையலறை காத்திருந்தது சிலருக்கு. வேறு சிலருக்கோ எளிய, பாசமிகுந்த இல்லம் கிடைத்தது. சில திருமணங்கள் விரைவில் முறிந்தன. மிகப்பல நிலைத்தன, பேரப்பிள்ளைகளைக் கண்டன.

நிலைத்தவற்றில் நிகழ்ந்தது என்ன? திரைப்பட நாயகன் மறைந்து, காலையில் இருமிக்கொண்டே எழும் ஒரு மனிதன் எஞ்சினான். ரொட்டிக் கடை வரிசையில் கண்ட தேவதை மறைந்து, தாய்நாட்டை எண்ணி இரவில் அழும் ஒருத்தி எஞ்சினாள். அந்த இருவரும் அப்போதுதான் முதன்முறையாகச் சந்தித்தனர் எனலாம். கவர்ச்சி அவர்களைக் கடற்கரைவரை கொண்டுவந்து சேர்த்தது. அதற்கப்பால் அவர்களை நடத்திச் சென்றது வேறொன்று. வாக்குக் கொடுத்தவர் வாக்குக் காப்பது என்று அதற்குப் பெயர்.

நிறம் என்னும் மதில்

இவ்வரலாற்றின் இருண்ட பக்கத்தையும் மறைத்தலாகாது. அங்கு வந்த அமெரிக்க வீரருள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கருப்பினத்தவர். அவர்களுள் பலரைப் பிரித்தானியக் குடும்பங்கள் அன்போடு வரவேற்றன, காதலும் மலர்ந்தது. ஆனால் எந்த வீரனும் மணம்புரியத் தன் மேலதிகாரியின் இசைவைப் பெற்றாக வேண்டும் என்பது படைவிதி. அவசர மணங்களைத் தடுப்பதற்கென்று சொல்லப்பட்ட அவ்விதி, கருப்பின வீரன் வெள்ளை இனப் பெண்ணை மணக்க வேண்டி வந்தபோது வழக்கமாகவே மறுப்பாக முடிந்தது. அன்றைய அமெரிக்க மாநிலங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் அத்தகைய மணம் சட்டப்படி குற்றம். 1967ஆம் ஆண்டில்தான் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டங்களை அடியோடு நீக்கியது. மணம் மறுக்கப்பட்ட அந்த இணைகளுக்குப் பிறந்த ஏறத்தாழ 2,000 குழந்தைகள் தந்தையின் பெயரின்றி இங்கிலாந்தில் வளர்ந்தனர். பலர் அநாதை இல்லங்களில் வளர்ந்தனர்.

எண்ணிக்கை நூலின் 12ஆம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. மோசே கூசு இனப் பெண்ணை மணந்தார் என்பதற்காக மிரியாமும் ஆரோனும் அவருக்கு எதிராகப் பேசினர். அதைக் கேட்ட ஆண்டவர் சினங்கொண்டார். தொழுநோய் மிரியாமைப் பற்றியது. அயலாளை இகழ்ந்தவர் பாளையத்துக்கு வெளியே ஏழு நாள் அயலாராய்த் தங்க நேர்ந்தது. விவிலியம் இதைவிடத் தெளிவாக ஒரு தீர்ப்பைச் சொல்ல இயலாது.

இயற்கையின் ஏற்பாடு

அயலார்மீது ஈர்ப்பு எழுவதே தவறோ என்று ஒருவர் ஐயுறலாம். தவறன்று. படைப்பிலேயே அதற்கு ஓர் இடம் இருப்பதாக அறிஞர் கருதினர். சிறுவயது முதல் ஒன்றாக வளர்ந்தவரிடையே பருவம் வந்தபின் காதல் வேட்கை எழுவதில்லை என்னும் கருத்தைப் பின்லாந்து அறிஞர் எட்வர்டு வெஸ்டர்மார்க் 1891ஆம் ஆண்டு வெளியிட்டார். எண்பது ஆண்டுகளுக்குப் பின் இசுரயேல் நாட்டில் இதற்கு ஒரு சான்று கிட்டியது. அங்குள்ள கிபுட்சு என்னும் கூட்டுப்பண்ணைகளில் குழந்தைகள் தனிக் குடில்களில் ஒன்றாகவே உண்டு உறங்கி வளர்ந்தனர். இவ்வாறு வளர்ந்தோரின் 2,769 திருமணங்களை ஆராய்ந்த யோசேப்பு செபர் 1971இல் தம் முடிவை வெளியிட்டார். தொடக்க ஆண்டுகள் முழுவதும் ஒரே குழுவில் இடையறாது வளர்ந்த இருவர் தம்முள் மணந்ததற்கு அவற்றுள் ஒரு சான்றுகூடக் கிடைக்கவில்லை. எவரும் அவர்களைத் தடுக்கவில்லை. பெற்றோர் விரும்பவும் செய்தனர். ஆயினும் அவர்கள் ஒருவரை ஒருவர் உடன்பிறப்பாகவே கண்டனர். இச்சான்றுக்கு வேறு விளக்கம் கூறும் ஆய்வாளரும் பின்னர் எழுந்துள்ளனர் என்பதையும் சொல்ல வேண்டும். என்றாலும், மிக நெருங்கிய பழக்கம் பாசத்தை வளர்க்கிறது, வேட்கையைத் தணிக்கிறது என்பது நம் இல்லங்களிலும் காணும் உண்மையே.

திருச்சபையின் இரு விதிகள்

அயலாரை நாடும் இவ்வியல்பைத் திருச்சபை எவ்வாறு நோக்கியது? புனித அகுஸ்தினார் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய 'கடவுளின் நகர்' நூலின் 15ஆம் பகுதியில் இதற்கு அழகிய விடை தந்துள்ளார். உறவுகள் ஒரே வீட்டுக்குள் அடைபட்டுவிடக் கூடாது என்கிறார் அவர். ஒரே ஆளிடம் பல உறவுகளைக் குவிப்பதைக் காட்டிலும், ஒவ்வோர் உறவுக்கும் ஒவ்வொருவர் எனப் பரப்பினால் அன்பின் பிணைப்பு அகன்று மிகப் பலரைத் தழுவும் என்பது அவர் கண்ட காரணம். நெருங்கிய உறவுக்குள் மணமுடிப்பதைத் திருச்சபை விலக்கியதன் உள்ளுணர்வு இதுவே. திருமணம் என்பது அன்பு தன் முற்றத்தைத் தாண்டிச் செல்லும் வழி.

1215ஆம் ஆண்டு திருத்தந்தை மூன்றாம் இன்னொசெந்து கூட்டிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கத்தில் அடுத்தடுத்து வரும் இரு விதிகள் கருதத்தக்கவை. 50ஆம் விதி, நான்காம் தலைமுறை வரையுள்ள உறவினருக்குள் திருமணம் கூடாது என்கிறது. அதற்குமுன் ஏழு தலைமுறைவரை இருந்த தடையைக் குறைத்து அமைத்த விதி அது. 51ஆம் விதி, மறைவுத் திருமணங்களைத் தடைசெய்து, திருமணத்தை ஆலயத்தில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், தடை அறிந்தவர் அதைத் தெரிவிக்கக் காலம் தரவேண்டும் என்கிறது. முந்தைய விதி 'உன் உறவுக்கு வெளியே செல்' என்று நம்மை அயலாரிடம் அனுப்புகிறது. அடுத்த விதி 'அந்த அயலார் யார் என்று அறிந்துகொள்' என்று நம்மை நிறுத்துகிறது. ஒரு கை கதவைத் திறக்கிறது. மறு கை விளக்கை ஏந்துகிறது.

மூன்று ஓலை என்னும் நம் வழக்கு 1563ஆம் ஆண்டு திரெந்து பொதுச்சங்கம் வகுத்த ஒழுங்கிலிருந்து வந்தது. தொடர்ந்து வரும் மூன்று திருநாள்களில் திருப்பலியின்போது அறிவிக்க வேண்டும். பங்குத்தந்தையும் சாட்சியர் இருவரும் முன்னிற்க வேண்டும் என்று அச்சங்கம் கட்டளையிட்டது. அதே ஆணையின் மற்றொரு பிரிவு, நிலையான இருப்பிடமின்றி அலைவோரின் திருமணத்தைப் பற்றியது. முதல் மனைவியைக் கைவிட்டு, அவள் உயிரோடிருக்கையிலேயே வேற்றூரில் மற்றொருத்தியை மணப்போர் பலர் இருக்கிறார்கள். எனவே அத்தகையோரை நன்கு விசாரித்து, ஆயரின் இசைவு பெற்ற பின்னரே பங்குத்தந்தையர் மணமுடித்து வைக்கலாம் என்று அது பணித்தது. இன்றைய திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1071ஆம் விதியிலும் இந்தக் காவல் தொடர்கிறது. மூன்று ஓலைகளுக்குப் பின்னால், ஏதோ ஓர் ஊரில் அழகாய்ப் பேசிய ஓர் அயலானை நம்பிக் கெட்ட எத்தனையோ பெண்களின் கண்ணீர் இருக்கிறது.

அத்தை மகனையும் மாமன் மகளையும் உரிமையாகக் கருதும் நம் தமிழ்க் குடும்பங்கள், ஆயரிடம் விலக்குப் பெற்று அத்தகைய மணங்களை முடிப்பது உண்டு. அறிந்தவரோடு வாழ்வது பாதுகாப்பு என்னும் எண்ணம் அதில் உள்ளது. அதே குடும்பங்கள், வெளிநாட்டில் பணிபுரியும் மாப்பிள்ளை என்றவுடன், பதினைந்து நாள் விடுமுறையில் வந்தவருக்குப் பெண் கொடுக்கத் துடிப்பதும் உண்டு. அங்கே அவரது வேலை என்ன, வாழ்க்கை என்ன என்று கேட்டால் சம்பந்தம் கைநழுவிவிடுமோ என்ற அச்சம். அமெரிக்க வீரனின் சீருடையில் மயங்கிய அப்பெண்களை நகைக்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது? அவர்களாவது மயங்கியது தாங்களே. இங்கே மயங்குபவர் பெற்றோர். கடல் கடப்பவள் மகள்.

விசாரிப்பதிலும் நம்மிடம் ஒரு குறை உண்டு. படைத்தளபதியின் இசைவு என்னும் விதி காவலாக வந்து நிறவெறிக்குக் கருவியானது போல, நம் ஊரில் விசாரிப்பு என்பது பல வேளைகளில் சாதியையும் சொத்தையும் அறிவதோடு நின்றுவிடுகிறது. அவர் கோபத்தில் எப்படி நடந்துகொள்வார், வாங்கிய கடனைத் திருப்பித் தருபவரா, தம் தாயிடம் எப்படிப் பேசுவார் என்று கேட்பவர் சிலரே. ஓலை கேட்பது இதைத்தான். நாம் விடை தருவதோ வேறொரு வினாவுக்கு.

கண்ட சிம்சோன், கேட்ட போவாசு

விவிலியத்தில் அயலாரைக் காதலித்த இருவரை அருகருகே வைத்துப் பார்ப்போம். சிம்சோன் திம்னாவுக்குச் சென்றான். அங்கே ஒரு பெலிஸ்தியப் பெண்ணைக் கண்டான். வீடு திரும்பியதும் அவளை எனக்கு மணமுடித்து வையுங்கள் என்றான். நம் இனத்தில் பெண்ணே இல்லையா என்று பெற்றோர் வருந்திக் கேட்டனர். என் கண்ணுக்குப் பிடித்திருக்கிறது என்பதே அவனது விடை. நீதித் தலைவர்கள் நூல் இக்காதல் கதையை ஒரு விடுகதையில் தொடங்கி நெருப்பில் முடிக்கிறது. அவன் கண்டான், கேட்கவில்லை.

போவாசும் ஓர் அயல்நாட்டுப் பெண்ணைக் கண்டார். மோவாபியப் பெண்ணான ரூத்து வயலில் கதிர் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவர் முதலில் செய்தது, இப்பெண் யார் என்று வேலையாட்களிடம் கேட்டது. பின்னர் ரூத்திடம் பேசும்போது, அவரது தோற்றத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கணவன் இறந்த பின்பும் மாமியாரைக் கைவிடாமல், தாய் தந்தையையும் தாய்நாட்டையும் விட்டு வந்ததையெல்லாம் கேள்விப்பட்டேன் என்றார். நகர வாயிலில் மூப்பர் பத்துப் பேரைச் சாட்சிகளாக அமர்த்தி வைத்து, எல்லாரும் அறிய மணந்தார். அந்நாளைய மூன்று ஓலை அது என்றே கொள்ளலாம். அந்த அயலாளின் பெயர் மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், ஆண்டவர் இயேசுவின் மூதாதையர் பட்டியலில் நிற்கிறது.

இருவரும் நாடியது அயலாரையே. ஒருவன் தன் கண்ணில் தோன்றிய உருவத்தை மணந்தான். மற்றவர் ஒரு மனிதரை மணந்தார்.

எம்மாவு வழியில்

இறுதியாக, உள்ளூர்க்காரரைப் பற்றி ஒரு சொல். அவர் நம் கண்ணில் மங்கித் தோன்றுவது அவரை நாம் முழுதும் அறிந்திருப்பதால் அன்று. அறிந்துவிட்டதாக நாம் நினைப்பதால். நாசரேத்து ஊரார் தொழுகைக்கூடத்தில் செய்த பிழையும் அதுவே. இவர் தச்சர், மரியாவின் மகன், இவருடைய சகோதரிகள் நம்மோடு இருக்கிறார்கள் என்று எண்ணிக் கணக்கை முடித்தனர். முப்பது ஆண்டு அருகில் இருந்தவரை அவர்கள் அறியவே இல்லை.

எம்மாவு வழியிலோ நேர்மாறாக நடந்தது. சீடர் இருவரோடு அயலார் ஒருவர் நடந்தார். எருசலேமில் நடந்தது எதுவும் அறியாத அந்நியர் என்றே அவரைக் கருதினர். வழியெல்லாம் அவர் பேசப் பேச அவர்கள் உள்ளம் பற்றியெரிந்தது. மாலையில் அவர் அப்பத்தைப் பிட்டபோது கண்கள் திறந்தன. அந்த அயலார், அவர்கள் பல நாள் உடனிருந்து உண்டு பழகிய ஆண்டவரே.

மணமாகிப் பல ஆண்டுகள் சென்ற இல்லங்களுக்கும் இந்நிகழ்வு பொருந்தும். எதிரே அமர்ந்து உண்பவரை முழுதும் அறிந்துவிட்டோம் என்று நாம் எண்ணும் நாளில் வீடு நாசரேத்து ஆகிறது. வெளியே கடந்துபோகும் முகங்கள் ஒளிரத் தொடங்குகின்றன. இன்றிரவு அவரிடம் இதுவரை கேட்டிராத ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். சிறுவயதில் எதற்கு அஞ்சினீர்கள் என்று கேளுங்கள். திருமண நாளன்று பீடத்தின் முன் நின்றபோது மனத்தில் என்ன ஓடியது என்று கேளுங்கள். விடை வரும்போது, உங்கள் பழைய மேசையில் ஓர் அயலார் அமர்ந்திருப்பதைக் காண்பீர்கள்.

அடுத்த ஞாயிறு பங்குத்தந்தை ஓலை வாசிக்கும்போது, ஊர்ப்பெயர் அறியாததாக இருந்தால் நிமிர்ந்து கேட்போம். அது நம் கடமை. ஊர்ப்பெயர் நம்முடையதே என்றாலும் நிமிர்ந்தே கேட்போம்.